கருத்துக் கேட்கிறார்களாம்: எந்தச் சேவையில் எழுதலாம், எதில் நேரம் வீண்?

கல்விக் கொள்கை, சுற்றுச்சூழல் விதி, இணையக் கட்டுப்பாடு, ஒரே நாடு ஒரே தேர்தல் என்று எது வந்தாலும் இருபது வயதுக்காரர்கள் முதலில் பேசுவது இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும்தான். பேசட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சு எந்த அமைச்சகத்தின் கோப்பிலும் ஏறாது. கோப்பில் ஏற வேண்டுமென்றால் அதற்கென்று சில சேவைகள் இருக்கின்றன. ஒன்றிய அரசின் மைகவ் தளம், அமைச்சகங்களின் வரைவு மீதான கருத்துக் கேட்பு, டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போன்ற ஆணையங்களின் ஆலோசனைத் தாள், நாடாளுமன்றக் குழுக்கள், ஆர்டிஐ ஆன்லைன் (தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கும் தளம்), தனியார் மனுத் தளங்கள், இளையோர் நாடாளுமன்றம், ஊரில் கிராம சபை. ஆர்டிஐக்கு 10 ரூபாய், மற்றதெல்லாம் இலவசம். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி எழுதுகிற மாணவருக்கு இவற்றில் எது உருப்படியாக ஏதாவது திருப்பித் தருகிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிராய்க்கு முதலிடம். தமிழில் எழுத விடாத எரிச்சலையும் மீறி ஆர்டிஐ ஆன்லைனுக்கு அடுத்த இடம். கிராம சபையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். மைகவ் பார்க்க அழகாக இருக்கிறது. மனுத் தளங்களையும் இளையோர் நாடாளுமன்றத்தையும் வேறு காரணத்துக்காக வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

டிராயிலிருந்து தொடங்குவோம். தொலைத்தொடர்பு, இணையம், கேபிள் டிவி தொடர்பான பெரிய முடிவுகளுக்கு முன் இந்த ஆணையம் ஓர் ஆலோசனைத் தாள் வெளியிடும். தாளின் கடைசியில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும். வழக்கமாகக் கருத்துச் சொல்ல நான்கு வாரம், மற்றவர்கள் சொன்னதற்கு எதிர்க்கருத்துச் சொல்ல இன்னும் இரண்டு வாரம். வந்த கருத்துகள் அனுப்பியவரின் பெயரோடு தளத்தில் ஏறும். பிறகு திறந்த அவை விவாதம். கடைசியில் வரும் ஒழுங்குமுறையோடு ஒரு விளக்கக் குறிப்பும் வரும்; என்னென்ன வாதங்கள் வந்தன, ஆணையம் எதை ஏற்றது, எதை ஏன் தள்ளியது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு கட்டாயப்படுத்துவதால் வந்த நல்ல பழக்கம் இது.

இந்தச் சேவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இணையச் சமநிலை (எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் பாகுபாடின்றி ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கை) விவகாரத்தைவிட நல்ல சான்று கிடையாது. 2015 மார்ச் 27 அன்று டிராய் வெளியிட்ட தாள் 118 பக்கம், 20 கேள்விகள். அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். சேவ் தி இன்டர்நெட் என்ற தன்னார்வக் குழு அந்த 20 கேள்விகளுக்கும் பதில் தயாரித்து, திருத்தி அனுப்பும் வசதியோடு தளத்தில் வைத்தது. கடைசி நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு கட்டணம் வாங்கலாமா என்று கேட்டு அடுத்த தாள் வந்தது. அதில் நான்கே கேள்விகள். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஃபேஸ்புக் இறங்கியது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவாகப் பயனர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்கு மடல் போகும்படி செய்தது. லட்சக்கணக்கில் மடல்கள் குவிந்தன. டிராய் என்ன செய்தது? நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இவற்றில் பதிலே இல்லை, ஆலோசனையைத் தலை எண்ணும் கருத்துக்கணிப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்ற பொருளில் அந்த நிறுவனத்துக்குக் காட்டமாகவே கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம்.

ஆக, டிராய்க்கு எழுதும்போது 'நான் ஆதரிக்கிறேன்', 'கடுமையாக எதிர்க்கிறேன்' என்பதற்கு மதிப்பில்லை. கேள்வி எண்ணை முதலில் போடுங்கள். அடுத்து ஒரே வரியில் நிலைப்பாடு. அதன் பிறகு காரணம், சான்று. முடிந்தால் கடைசியாக, வரைவில் எந்த வாசகத்துக்குப் பதில் எந்த வாசகம் வர வேண்டும் என்பது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 20-ல் நன்கு தெரிந்த மூன்றுக்குச் சொன்னால் போதும். கல்லூரிக் குழுவாக எழுதினால் கேள்விகளைப் பங்குபோட்டுக்கொண்டு ஆளுக்கு இரண்டு எடுப்பது சிறந்த வழி. இரண்டு மூன்று பக்கம் தாண்ட வேண்டாம். கையால் எழுதிப் படம் பிடித்த பக்கங்களை அனுப்பாதீர்கள். சொற்களைத் தேடவும் வெட்டி ஒட்டவும் முடிகிற பிடிஎஃப் கோப்பாக இருந்தால்தான் தொகுப்பவர் உங்கள் வரியை எடுத்துத் தன் அட்டவணையில் சேர்ப்பார்.

குறைகளும் உண்டு. தாள் முழுக்க ஆங்கிலம், அதுவும் தொழில்நுட்ப ஆங்கிலம். அந்தரங்கம் பற்றிய அக்கறையும் போதாது. 2015 ஏப்ரலில் வந்த 10 லட்சம் மடல்களையும் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள்; குப்பை மடல் அனுப்புவோருக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று. எந்த அரசுக் கருத்துக் கேட்புக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிக்கொள்வது நல்லது. கைப்பேசி எண்ணை மடலின் அடியில் போட வேண்டியதில்லை. பங்குச் சந்தை, முதலீடு தொடர்பான விஷயங்களுக்கு செபி நடத்தும் கேட்பும் ஏறக்குறைய இதே தரம்தான். எந்தக் கூறு, என்ன மாற்றம், ஏன் என்று படிவமே பிரித்துக் கேட்பதால் எழுதுவது இன்னும் எளிது.

அமைச்சகங்களுக்கு வருவோம். தரம் இங்கேதான் தாறுமாறு. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், ஏன் இந்தச் சட்டம், செலவு என்ன, யாரைப் பாதிக்கும் என்று சுருக்கமாக விளக்க வேண்டும் என்று 2014-லேயே ஒன்றிய அரசு ஒரு கொள்கை வகுத்தது. சட்டமாக இல்லாமல் வெறும் கொள்கையாக இருப்பதால் மீறினால் கேட்க ஆளில்லை. சட்டத்தின் கீழ் வரும் விதிகளுக்கு நிலைமை கொஞ்சம் மேல். மூலச் சட்டத்தில் 'முன்வெளியீட்டு நிபந்தனைக்கு உட்பட்டு' என்ற சொற்றொடர் இருந்தால், 1897-ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம் 23-ஆம் பிரிவின்படி வரைவை வெளியிட்டே ஆக வேண்டும். வந்த ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலித்தே ஆக வேண்டும். எழுத உட்காரும் முன் அந்தச் சொற்றொடர் இருக்கிறதா என்று மூலச் சட்டத்தில் தேடுங்கள். இருந்தால் உங்கள் மடலுக்குச் சட்ட பலம் உண்டு; அதைத் தொடாமலே விதியை இறுதி செய்தால் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப இடம் கிடைக்கும்.

2020-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தச் சேவையின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டியது. மார்ச் 23 தேதியிட்ட, எஸ்.ஓ. 1199(இ) என்ற எண்ணுள்ள அறிவிக்கை. நாடே ஊரடங்கில் கிடந்தபோது அரசிதழில் வந்தது. ஆட்சேபத்துக்கு 60 நாள். திட்டம் தொடங்கிய பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற பிரிவும், பல வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்ற விலக்கும் அதில் இருந்தன. கல்லூரி மாணவர்கள் வரைவைப் படித்துச் சுருக்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் காணொளிகளாகப் போட்டார்கள். அப்புறம் மூன்று கோளாறுகள். முதலாவது மொழி: வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கால அவகாசத்தையும் ஆகஸ்ட் 11 வரை தில்லி உயர் நீதிமன்றம் நீட்டித்தது. இரண்டாவது, ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா உள்ளிட்ட இளைஞர் குழுக்களின் தளங்கள் முடக்கப்பட்டன. அமைச்சரின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்ததாகப் புகார். தில்லிக் காவல்துறை அனுப்பிய அறிவிப்பில் உபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பிரிவே இருந்தது. பிறகு அது தவறுதலாகப் போய்விட்டது என்று சொல்லித் திரும்பப் பெற்றார்கள். மூன்றாவது, ஒரே வாசகம் கொண்ட மடல்கள் லட்சக்கணக்கில் போனது. தொகுப்பவர் கையில் அவை 'இந்தப் பொருளில் இத்தனை' என்ற ஒரே வரியாகச் சுருங்கும்.

எனவே அமைச்சகத்துக்கு எழுதும்போது சில நடைமுறைகள். மின்னஞ்சலின் பொருள் வரியில் அறிவிக்கை எண்ணையும் தேதியையும் போடுங்கள். 'எதிர்ப்பு', 'திரும்பப் பெறு' என்று மட்டும் போட்ட மடல் சரியான கோப்போடு சேராமல் போக வாய்ப்புண்டு. அறிவிக்கையில் கொடுத்த முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். அமைச்சரின் தனி முகவரியை நிரப்புவதால் லாபம் இல்லை, வம்புதான். உள்ளே கூறு எண், உட்கூறு எண், தற்போதைய வாசகம், உங்கள் மாற்று வாசகம், காரணம். முழுப் பெயரும் அஞ்சல் முகவரியும் இல்லாத மடலைத் தள்ளிவிட வசதியாகிவிடும். நண்பர் அனுப்பிய மாதிரியைப் பயன்படுத்துவதானால் குறைந்தது காரணப் பகுதியையாவது உங்கள் ஊர், உங்கள் துறை சார்ந்து சொந்தமாக எழுதுங்கள். தூத்துக்குடி மாணவர் கடலோர நீர் பற்றிச் சொல்வதை பரேலியில் இருப்பவர் சொல்ல முடியாது. கடைசி நாள் இரவு அனுப்பாதீர்கள். பெட்டி நிரம்பி மடல் திரும்பி வந்தால், திரும்பி வந்த அறிவிப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு விரைவு அஞ்சலில் அனுப்ப இரண்டு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

தமிழில் அனுப்பலாமா? அனுப்பலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும், எந்த அதிகாரிக்கும் கொடுக்க அரசமைப்பின் 350-ஆவது உறுப்பு உரிமை தருகிறது. ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இந்தியில் பதில் வந்த வழக்கில், எழுதிய மொழியிலேயே பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. வழக்குத் தொடுத்தவர் மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன். சட்டம் இப்படி இருந்தாலும், 30 நாள் கெடுவுக்குள் தில்லியில் யாராவது தமிழைப் படித்துத் தொகுப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். தமிழ் மூலத்தோடு ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கத்தை இணைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மைகவ். 2014 ஜூலை 26-ல் தொடங்கிய தளம். கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ கொடுத்து, ஓடிபி போட்டால் உள்ளே போய்விடலாம். விவாதம், வாக்கெடுப்பு, வினாடி வினா, சின்னம் வரையும் போட்டி, மன் கி பாத்துக்கு யோசனை என்று கடை பெரிதுதான். வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விவாதப் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தலைப்பு பெரும்பாலும் 'இந்தத் திட்டத்தை இன்னும் எப்படிச் சிறப்பாக்கலாம்' என்ற தொனியில் இருக்கும். திட்டமே வேண்டுமா என்று கேட்க இடம் இருக்காது. வாழ்த்து, மன்றாட்டு, தன் ஊர்ச் சாலைப் புகார் எல்லாம் கலந்து கிடக்கும் பத்தாயிரம் கருத்துகளுக்கு நடுவே உங்கள் மூன்று பத்தி மூழ்கிப்போகும்.

இதே மைகவைச் சில அமைச்சகங்கள் உண்மையான வரைவுகளுக்கும் கருத்து வாங்கும் இடமாக வைக்கின்றன. அப்போது மட்டும் இது வேறு சேவை. இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தபோது, கருத்துகளை மைகவ் வழியாகத்தான் வாங்கினார்கள், விதி வாரியாக. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்று வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிற சட்டத்தின் விதிகள் அவை. பதினேழு வயதுக்காரர் கருத்துச் சொல்ல இதைவிட நேரடியான விஷயம் எது? கோளாறு வேறிடத்தில். வந்த கருத்துகள் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்படும், யாருக்கும் வெளியிடப்படாது என்று அமைச்சகம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. தயங்காமல் எழுதலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். விளைவு, பெரிய நிறுவனங்கள் எதைக் கேட்டு வாங்கின என்பதை அந்தத் தளத்தில் யாரும் பார்க்க முடியாது. டிராயோடு ஒப்பிட்டால் இதற்குப் பாதி மதிப்பெண்தான். இங்கே எழுதினால், அனுப்பிய உரையை நீங்களே உங்கள் பக்கத்தில் வெளியிட்டுவிடுங்கள். சமர்ப்பித்த பிறகு வரும் திரையையும் படமெடுத்து வையுங்கள்.

நாடாளுமன்றக் குழுக்களின் விஷயத்தில் அந்த வெளியீட்டைச் செய்யக் கூடாது! நிலைக்குழுவோ கூட்டுக்குழுவோ ஒரு மசோதா மீது கருத்துக் கேட்டால், அனுப்பும் கருத்துரை குழுவின் ஆவணமாகிவிடும். அது இரகசியம் என்று விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். வெளியிட்டால் நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினை வரலாம். வழக்கமாகக் கேட்பது ஆங்கிலத்திலோ இந்தியிலோ இரண்டு பிரதிகள், சுமார் இரண்டு வாரத்துக்குள். நேரில் வந்து சொல்ல விரும்பினால் அதையும் மடலிலேயே குறிப்பிட வேண்டும். அழைப்பது குழுவின் விருப்பம். இந்தச் சேவையின் பலம், மசோதாவின் வாசகத்தை உண்மையிலேயே மாற்றப் பரிந்துரைக்கும் இடம் இது என்பது. பலவீனம், உணர்ச்சிகரமான மசோதா வந்தால் ஆள் திரட்டும் போட்டியாகிவிடுவது. வக்பு திருத்த மசோதா மீதான கூட்டுக்குழுவுக்கு 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்கள் போயின. இதில் ஒரு சட்டக் கல்லூரி மாணவி கூறு வாரியாக எழுதிய நான்கு பக்கம் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் பெரிதாகக் கவனிக்காத மசோதாவாகத் தேர்ந்தெடுத்து எழுதினால் பலன் கூடுதல்.

அரசு நியமிக்கும் உயர்நிலைக் குழுக்களைப் பற்றி ஒரே வரி. ஒரே நாடு ஒரே தேர்தல் குறித்து முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையில் அமைந்த குழு 2024 ஜனவரி 5 அன்று அறிவித்து 15-ஆம் தேதிக்குள் கருத்துக் கேட்டது. அரசமைப்பையே திருத்த வேண்டிய விஷயத்துக்குப் பத்து நாள், அதுவும் இங்கே பொங்கல் வாரம்.

மாநில அளவில் இதைவிடச் சுத்தமாக நடந்த ஒரு கேட்பைச் சொல்லியாக வேண்டும். நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021 ஜூனில் தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,342 பேர் எழுதினார்கள். தமிழில் எழுதத் தடையில்லை. எத்தனை பேர் எதிர்த்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள், என்னென்ன காரணம் சொன்னார்கள் என்று அறிக்கையிலேயே தொகுத்து அச்சிட்டார்கள். அதன் பிறகு சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. எழுதியவருக்கு ரசீது கொடுத்த கேட்பு என்ற வகையில் இது நல்ல சேவை.

ரசீது தராத சேவைகளிடம் ரசீதைப் பிடுங்கத்தான் ஆர்டிஐ ஆன்லைன். வயது வரம்பு கிடையாது. குடிமக்களாக இருந்தால் போதும். தேசத் தந்தை என்ற பட்டத்தை காந்திக்கு யார், எந்த ஆணைப்படி கொடுத்தார்கள் என்று லக்னோவைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி 2012-ல் கேட்டு, அப்படி ஓர் ஆணையே இல்லை என்பதை வெளிக்கொண்டுவந்தது இந்தச் சட்டத்தால்தான். கருத்துச் சொல்லும் இளைஞருக்கு இது இரண்டு வகையில் பயன்படும். எழுதும் முன் தரவு வாங்கலாம். எழுதிய பின் அது என்ன ஆயிற்று என்று கேட்கலாம்.

ஒன்றிய அரசின் தளத்தில் துறையைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பத்தைத் தட்டி, 10 ரூபாய் கட்டினால் பதிவு எண் வரும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. பணம் கழிந்தும் பதிவு எண் வராவிட்டால் பதறி மறுபடி கட்டாதீர்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கணக்குச் சரியாகிவிடும் என்று தளமே சொல்கிறது. பெரிய குறை மொழி. விண்ணப்பப் பெட்டி 3000 எழுத்து வரை எடுக்கும், ஆனால் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறு எதையும் ஏற்காது. மேற்கோள் குறி ஒட்டினாலே பிழை காட்டும், தமிழ் எங்கே! விண்ணப்பிக்கும் பகுதியின் ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தின் 6(1) பிரிவு சொல்கிறது. தளம் அதை மதிக்கவில்லை. தமிழ் விண்ணப்பத்தைப் பிடிஎஃப் ஆக்கி, 1 எம்பிக்குள், கோப்பின் பெயரில் இடைவெளி விடாமல் இணைத்து, பெட்டியில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவது ஒரு மாற்று வழி. பத்து ரூபாய் அஞ்சல் ஆணையோடு தபாலில் அனுப்புவது இன்னொன்று.

கேள்வியைக் கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 'மக்கள் எதிர்த்தும் ஏன் இந்த விதியைக் கொண்டுவந்தீர்கள்?' என்று கேட்டால், விளக்கம் தருவது தகவல் ஆகாது என்று சட்டப்படியே திருப்பிவிடலாம். கையில் இருக்கும் ஆவணத்தைக் கேட்க வேண்டும். இன்ன எண், இன்ன தேதி வரைவு அறிவிக்கைக்கு வந்த கருத்துகளின் மொத்த எண்ணிக்கை; அவற்றைத் தொகுத்த அட்டவணையின் நகல்; அவற்றைப் பரிசீலித்த கோப்புக் குறிப்புகளின் நகல். இந்த மூன்றும் போதும். ஒரே விண்ணப்பத்தில் பதினைந்து கேள்வி அடுக்கினால் மூன்று துறைக்குப் பிரித்து அனுப்பி, யாரிடமிருந்தும் முழுப் பதில் வராது. அமைச்சரவை முடிவெடுக்கும் முன் கேட்டால் 8(1)(ஐ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். இறுதி அறிவிக்கை அரசிதழில் வந்த பிறகு கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, ஒன்றிய அரசுத் துறைகளில் அதற்குக் கட்டணம் இல்லை. அரைகுறைப் பதில் முதல் மேல்முறையீட்டில் பல நேரம் முழுமையாகும். அந்தப் படியில் நின்றுவிடாதீர்கள். 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு தகவல் ஆணையத்துக்கு. அங்கே காத்திருப்பு நீளம்.

மனுத் தளங்களுக்கு நீண்ட மதிப்பீடு தேவையில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றமே நடத்தும் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். நம் நாட்டில் தனியார் தளத்தில் எத்தனை லட்சம் சேர்த்தாலும் அரசுக்குக் கடமை எதுவும் வராது. கையெழுத்துப் போட்டதும் பணம் கேட்கும் பக்கம் வருமே, அந்தப் பணம் மனுவை அந்தத் தளத்தில் பரப்பத்தான் போகும்; மனு தொடங்கியவருக்கோ போராட்டத்துக்கோ அல்ல. பத்திரிகையின் கவனத்தை ஈர்க்க மட்டும் பயன்படும். முறையான மனு வேண்டுமென்றால் மக்களவையின் மனுக்கள் குழு இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினர் மேலொப்பமிட்டு அவையில் வைக்கலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் மனுதாரர் கையெழுத்தோடு வேண்டும்.

இளையோர் நாடாளுமன்றம் மேடைப் பேச்சுக்கு நல்ல பயிற்சி. 2025-ல் ஒன்றிய அரசின் இளைஞர் தளமான மை பாரத்தில் 18 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் ஒரு நிமிடக் காணொளி ஏற்றிப் போட்டியிட்டார்கள். அடுத்த சுற்றின் தலைப்பு, ஒரே நாடு ஒரே தேர்தல் வளர்ந்த பாரதத்துக்கு வழி வகுக்கிறது என்பது. தலைப்பே தீர்ப்புச் சொல்லிவிட்ட பிறகு எதிர்த்துப் பேசுபவர் எந்தச் சுற்றில் வெளியேறுவார்? சான்றிதழுக்காகப் போகிறவர் தாராளமாகப் போகலாம்.

கிராம சபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் உறுப்பினர்தான். 17 வயதிலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 நிறைகிறதோ அந்தக் காலாண்டில் பெயர் சேரும். நாட்டு விவகாரத்துக்கும் கிராம சபைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் பார்க்கலாம். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவை ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2024 நவம்பர் 7 அன்று அறிவித்தது. அந்த மாதம் தள்ளிவைக்கப்பட்டு 23-ஆம் தேதி நடந்த கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் வந்தது, டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரைக்குப் பேரணி. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. தீர்மானம் தனியாக நின்று அதைச் சாதித்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் சட்டமன்றமும் பத்திரிகைகளும் கையில் எடுத்துக் காட்ட ஓர் ஆவணம் தேவைப்பட்டபோது அது இருந்தது.

இங்கே தவறிப்போவது குறைவெண் வரம்பிலும் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது) பதிவேட்டிலும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். தீர்மானத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று முதன்முதலாகச் சொன்னால் 'இது ஒன்றிய அரசு விஷயம், இங்கே எடுக்க முடியாது' என்று ஊராட்சிச் செயலர் முடித்துவிடுவார். ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுங்கள், உங்கள் நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததால், தேர்தல் நடந்து புதிய தலைவர் வரும்வரை தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். வாசகத்தில் உங்கள் ஊரின் நிலம், நீர், பள்ளி, வேலை எதையாவது தொட்டு எழுதினால் 'தொடர்பில்லை' என்று தள்ளுவது கடினம். தீர்மானம் நிறைவேறியதும் பதிவேட்டில் முழு வாசகமும் ஏறியதா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு பிறகு எழுதுவது பல ஊரில் வழக்கம். தீர்மான எண்ணோடு நகல் கேளுங்கள். தர மறுத்தால் அதற்கும் ஆர்டிஐ உண்டு, ஊராட்சி மாநில அரசின் கீழ் வருவதால் ஒன்றியத் தளத்தில் போடாமல் தமிழ்நாட்டுத் தளத்தில் போடுங்கள், அல்லது பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தபாலில் அனுப்புங்கள்.